அண்ணி நின்ற பக்கம்

"ஓசூர் டீம் ஆட வர்றப்போ அண்ணி வெளிய இருக்கட்டும்" என்று டீச்சர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மைதானத்தில் மரமும் இல்லை, சத்தமும் இல்லை. ஸ்கூட்டி அருகே நின்று கேன்வாஸ் ஷூவுக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்த அண்ணிக்குக் கேட்டுவிட்டது. கல் விழுந்த பிறகும் அவர் ஷூவை உதறிக்கொண்டே இருந்தார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. நான் கூப்பிடுவதைக் கேட்டு அணி முழுவதும் அவரை அண்ணி என்றே கூப்பிடுகிறது. அவரைவிட மூத்தவரான டீச்சரும் அப்படித்தான். டீச்சர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, எங்கள் கேப்டனும் அவரே. நல்லம்பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறு காலைகளில் நாங்கள் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறோம். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது நான் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. இப்போது பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை செய்கிறேன். வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு ஏதாவது வேண்டும் என்று டீச்சரிடம் பேசப்போய், ஆட்டம் இங்கே வந்து சேர்ந்தது.

பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், இது பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் ஆட்டம். பந்து இரண்டு முனையும் கூராக இருக்கும். மைதானத்தின் வழியாக ஆடு ஓட்டிப்போகிறவர்கள் அதைப் பப்பாளி என்கிறார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருத்தி எறிவாள், மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடித்து எதிர் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் டச்டவுன். ஆளைப் பிடித்துத் தள்ளக் கூடாது. எல்லோர் இடுப்பிலும் இரண்டு துணிப் பட்டைகள் தொங்கும். பந்து வைத்திருப்பவளின் பட்டையை உருவிவிட்டால் அவள் அங்கேயே நிற்க வேண்டும்.

முதல் மாதம் எங்கள் பட்டைகள் எல்லாம் புடவை ஃபால்ஸ் துணியில் தையல்காரர் தைத்துக் கொடுத்தவை. அண்ணியின் பட்டையை மட்டும் யாராலும் உருவ முடியவில்லை. எங்களோடு ஆட வரும் கல்லூரிப் பெண் அதைப் பிடித்து இழுத்தபடியே அவர் பின்னால் பாதி மைதானம் ஓடினாள். கடைசியில் பார்த்தால், துப்பட்டாவுக்குக் குத்துவதுபோல இரண்டு பட்டைக்கும் சேஃப்டி பின் குத்தியிருந்தார்.

"அவுந்து வுழுந்துட்டா அசிங்கமில்ல?" என்றார்.

"அவுந்து விழறதுக்குத்தான் அண்ணி கட்டறதே!"

"இதை மொதல்லயே சொல்றதில்லயா நீ?"

பட்டையை உருவுவதில் அவரை மிஞ்ச எங்களில் ஆளில்லை. பள்ளியில் படிக்கும்போது கபடியில் இடது கார்னராக ஆடியவர். பாடி வருகிறவளின் கணுக்காலைக் குனிந்து பிடித்த கை அது. சிக்கல் ஓட்டத்தில்தான். எங்கள் அணி அதுவரை ஆளுக்கு ஆள் என்ற முறையில் தடுத்துக்கொண்டிருந்தது. எதிரணியில் ஒருத்தி உன் பொறுப்பு, அவள் எங்கே போனாலும் நீயும் போ. இரண்டு பிள்ளை பெற்ற, முப்பத்திரண்டு வயது அண்ணியால் இருபது வயதுப் பெண்ணோடு மைதானம் முழுக்க ஓட முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருத்தி அவரைத் தாண்டிப்போய் நிதானமாகப் பந்தைப் பிடித்தாள். டீச்சர் சொன்னதில் தவறில்லை.

ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது, பாலம் தாண்டியதும் அண்ணி கேட்டார்.

"அப்ப நான் வர வேண்டாமா?"

"வெளிய இருக்கட்டும்னுதான சொன்னாங்க. சப்ஸ்டிட்யூட்."

"வெளிய உக்கார்றதுக்கு நான் அங்க வரணுமா? அதுக்கு வூடே இருக்குது." கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். "அங்கதான் ரெண்டு மணி நேரம் யாரும் எங்கிட்ட அது எங்க, இது எங்கன்னு கேக்கறதில்ல. பந்தப் பாருங்கன்னு மட்டுந்தான் கத்தறீங்க."

வெளியே உட்காரவைத்தால் அவர் வருவதையே நிறுத்திவிடுவார் என்று எனக்குப் புரிந்தது. அன்று மாலை டீச்சருக்குப் போன் செய்து, ஓசூர் அணி வரும்வரை ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஜோன் முறையில் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அது நமக்கு ஒத்துவருமா?"

"வரலைன்னா நீங்க சொன்னபடி செய்யலாம்."

"சரி. ஓசூர் மேட்ச்ல பாத்துட்டு முடிவு பண்றேன். அப்பறம் என்னை வற்புறுத்தக் கூடாது."

எதையும் வரிசையாக எழுதிக்கொண்டால்தான் எனக்கு மனம் அடங்கும். போனில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஒன்று: ஆளைக் காக்க வேண்டாம், இடத்தைக் காக்கவும்.
இரண்டு: கண் எப்போதும் எறிபவள் மேல்.
மூன்று: உங்கள் இடத்தைக் கடந்து பின்னால் போகிறவளைக் குரல் கொடுத்துப் பின்னால் நிற்பவரிடம் ஒப்படைக்கவும்.
நான்கு: பந்து கையைவிட்டுக் கிளம்பிய பிறகே நீங்களும் கிளம்பவும்.

இடங்களைப் பிரித்தேன். டீச்சர் எறிபவளை நோக்கி நேராக ஓடி அவளை அவசரப்படுத்துவார். முன்னால் வலப்பக்கம் அண்ணி, இடப்பக்கம் நான். பின்னால் ஆளுக்குப் பாதியாக அக்கா தங்கை இருவர். இவர்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், இருவருக்கும் நீண்ட கால்கள். அண்ணிக்குக் கொடுத்த இடம் எங்கள் வீட்டுக் களத்து அளவுதான். அதற்குள் அவர் கை போதும், ஓட்டம் தேவையில்லை. காகிதத்தில் அது மிக நன்றாக இருந்தது.

முதல் பயிற்சியில் கல்லூரிப் பெண் எதிர்ப்பக்கம் ஆடினாள். அண்ணியின் இடத்துக்குள் ஓடிவந்து பின்னால் போனாள். அண்ணியும் கூடவே போனார். காலியான இடத்தில் இன்னொருத்தி வந்து நின்று பந்தை வாங்கிக்கொண்டாள். மறுபடி செய்தோம். மறுபடியும் போனார்.

"அண்ணி, அவள விட்டுடுங்க. பின்னால அக்கா இருக்காங்க."

"என் கண்ணு முன்னாடி ஒருத்தி ஓடறா, நான் பாத்துட்டு நிக்கட்டுமா?"

"ஆமா, அதான் ஜோன்."

"இதென்ன கூத்து. கபடில இப்பிடி நின்னிருந்தா எங்க பி.டி. சார் குச்சியோட வந்திருப்பாரு."

குரல் கொடுப்பதும் கூத்தாகத்தான் இருந்தது. கல்லூரிப் பெண் எங்கள் பக்கம் ஆடும்போது, "டீச்சர், உங்களுக்கு லெஃப்ட்ல ஒருத்தங்க வராங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர்" என்று முடிப்பதற்குள் அந்த ஒருத்தங்க எல்லையைத் தாண்டிவிடுவார்கள். மைதானத்துக்குள் இருக்கும்வரை மரியாதை வேண்டாம் என்று டீச்சர் உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறும் அண்ணி ஓடுகிறவர்களின் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தார். டீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

அந்த வாரம் எங்கள் வீட்டு முன் சிமெண்ட் களத்தில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. மதியம் மீட்டிங் முடித்து நான் காபியோடு வெளியே வந்தேன். அண்ணி களத்தின் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று ரோட்டில் இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு கோழிகள். ஆடு இரண்டடி முன்னால் வந்தது. அண்ணி அசையவில்லை, குச்சியை மட்டும் ஒருமுறை தரையில் தட்டினார். ஆடு நின்றது. கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வேலிப்பக்கம் திரும்பின.

"ஆட்டைத் துரத்திவிட்டுட்டு வந்துடலாமில்ல அண்ணி?"

"அதைத் தொரத்திகிட்டு ரோட்டுக்குப் போனா இதுங்க ரெண்டும் உள்ள எறங்கிடும். அதுங்களுக்குத் தெரியும்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு களத்தை. பிறகு குச்சியை. "ஏ, இதையா நீ ரெண்டு வாரமா சொல்லிகிட்டு இருக்கற?"

இதையேதான் நான் நான்கு வரியில் எழுதியிருந்தேன், ஆனால் அதில் ஆடும் இல்லை, கோழியும் இல்லை.

"கபடில ஒருத்திதான வருவா. ஏழு பேரு கண்ணும் அவ ஒருத்தி மேலதான் இருக்கும். அவ போற பக்கமே எல்லாரும் போவோம். இங்க நாலு பேரு வராளுங்க." ஆடு மறுபடி ஓரடி வைத்தது. அதைப் பார்க்காமலே குச்சியைத் தட்டினார். "பின்னால போறவ எம்பொறுப்பில்லைன்னு மனசு ஒத்துக்கணும். அதான் கஷ்டம்."

ஓசூர் அணியில் எல்லோரும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள். வேனில் வந்து இறங்கி, வரிசையாக நின்று உடம்பைத் தளர்த்திக்கொண்டார்கள். கடையில் வாங்கிய பெல்ட், ஒரே நிற பனியன். அவர்களில் எறிபவள் மெலிந்த பெண், இடது கைக்காரி. நான் போனை ஒரு தாங்கியில் மாட்டி, சுற்றுச்சுவர் மேல் வைத்து வீடியோவை ஓடவிட்டேன்.

முதல் பந்தே அண்ணி பக்கம்தான் வந்தது. ஒருத்தி அவருக்கு முன்னால் பிடித்தாள். திரும்பி ஓரடி எடுத்து வைத்தாள். அவள் பட்டை அண்ணியின் கையில் இருந்தது. எப்போது உருவினார் என்று அவளுக்கே தெரியவில்லை, இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஐயோ, இந்தக்கா யாருப்பா" என்று அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அண்ணிங்க!" என்று எங்கள் கல்லூரிப் பெண் கோட்டுக்கு வெளியே இருந்து கத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பந்து வரவே இல்லை.

வந்ததெல்லாம் என் பக்கம். எனக்கும் கோட்டுக்கும் நடுவே, எனக்கும் பின்னால் நிற்கும் தங்கைக்கும் நடுவே. பெரிய பெரிய எறிதல்கள் இல்லை, சின்னச் சின்னதாக, நான் கை நீட்டினால் தொட முடியாத தூரத்தில். நான் உருவுவதற்குள் நாலைந்து அடி போய்விடுவார்கள். நடுவில் எதிரணிக்குப் புரியக் கூடாது என்று அக்காவும் தங்கையும் கன்னடத்தில் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். "ஹோத்ளு, ஹோத்ளு!" போய்விட்டாள் என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்த ஓசூர்ப் பெண் திரும்பி, "இல்லே இத்தீனி!" என்றாள். இங்கேயே இருக்கிறேன் என்று. டீச்சரே சிரித்துவிட்டார்.

ஒரு டச்டவுன் வித்தியாசத்தில் தோற்றோம். அண்ணி மட்டும் வேர்க்காமல் நின்றார். அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருந்தார். பின்னால் போகிறவளைக் குரல் கொடுத்து ஒப்படைத்தார், இடத்தில் நின்றார், ஒருமுறைகூடத் துரத்திப் போகவில்லை. அதுவே அவருக்கு எதிராகத் திரும்பியது.

டீக்கடையில் டீச்சர் சொன்னார். "ஜோன் நல்லாத்தான் இருக்கு, விட வேண்டாம். ஆனா அண்ணிக்கு அங்க வேலையே இல்லையே. அந்த எடத்துல வேகமா ஓடற ஒருத்தி நின்னா உன் பக்கமும் வந்து ஒத்தாசை பண்ணுவா. அடுத்த மேட்ச் அவங்க ஊருல. அதுல மாத்திப் பாக்கலாம்."

நியாயமாகத்தான் ஒலித்தது. அண்ணி டீ கிளாஸை உருட்டிக்கொண்டே, "பரவால்ல டீச்சர், நான் என்ன பண்ணினேன், நின்னுட்டுதான இருந்தேன்" என்றார்.

அன்று மதியம் அண்ணன் அந்த வீடியோவை டிவியில் போட்டான். வாழ்நாளில் ஒரு மேட்சும் வந்து பார்க்காதவனுக்கு வீட்டில் கால் நீட்டிப் பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை.

"ஒண்ணு புடுங்கின. நல்லாத்தான் புடுங்கின. அப்பறம்?" சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். "ஏய், வந்து பாரு. பஸ் ஸ்டாப்ல நிக்கற மாதிரியே நிக்கற. ஒகேனக்கல் பஸ்சு எப்ப வரும்?"

"வந்தா உங்கள ஏத்தி அனுப்பிட்டு வரேன்" என்று உள்ளேயிருந்து அண்ணி சொன்னார். குரலில் சுரத்து இல்லை.

"காலைல அஞ்சுக்கே எழுந்து சமைச்சு வச்சுட்டு, பெட்ரோல் போட்டுப் போயி, நின்னுட்டு வர. களத்துல நின்னாலாவது ராகி காயும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அண்ணனை முறைத்தேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவுநிலையில் சாய்ந்து நின்றபடி டிவியைப் பார்த்தார். ராகி என்ற வார்த்தைதான் அவரை வெளியே இழுத்தது என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் பார்த்தவர், "நிறுத்துங்க" என்றார். "கொஞ்சம் பின்னால போங்க."

அண்ணன் ரிமோட்டைத் தடவினான். அண்ணி அதை வாங்கிக்கொண்டார்.

"அவளப் பாருங்க. எறியறவள. என்னைப் பாக்காதீங்க, நான்தான் நிக்கறேனே."

இடது கைக்காரப் பெண் பந்தை வாங்குகிறாள். தலை முதலில் அண்ணி பக்கம் திரும்புகிறது. அங்கே ஒருத்தி ஓடிவந்து நிற்கிறாள், கையும் நீட்டுகிறாள். எறிபவளின் கை மேலே போகிறது. நிற்கிறது. தலை மறுபக்கம் திரும்புகிறது, பந்து என் பக்கம் போகிறது. அண்ணி அடுத்ததைப் போட்டார். மறுபடி முதலில் அந்தப் பக்கம் பார்க்கிறாள், மறுபடி திரும்புகிறாள். டீச்சர் ஓடி நெருங்கிவிட்ட ஒரு சமயம், வேறு வழியின்றிக் காலியான தரையில் எறிந்துவிடுகிறாள். அண்ணி பக்கம் மட்டும் எறியவில்லை.

"அவ இடது கை. அவளுக்கு எம்பக்கம் எறியறதுதான் சுளுவு. மூணு பேரு மாத்தி மாத்தி எம்பக்கம் வந்து நிக்கறாளுங்க. ஆனா எறியல." அண்ணி திரையைக் கிட்டே போய்ப் பார்த்தார். "பயந்துகிட்டா. ஆடு மாதிரி."

அண்ணன் கால்களை மடக்கி உட்கார்ந்தான். "அப்ப நீ நிக்கறதே..." என்று ஆரம்பித்து, "இன்னொருக்கா போடு" என்றான்.

என் தொழிலில் இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு வெளியீட்டில் பிழை எதுவும் வராவிட்டால், சோதனைக்கு இத்தனை பேர் எதற்கு என்று கேட்பார்கள். வராத பிழையை யாரிடமும் காட்ட முடியாது. அந்தக் கேள்விக்குக் கோபப்படும் நான், டீக்கடையில் அதே கேள்வியை டீச்சர் கேட்டபோது அதை அடையாளம் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி இன்னும் முடிக்கவில்லை. ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"ஏ புள்ள, நீ எதுக்கு எம்பக்கமே நகந்துகிட்டு வர்ற?"

பார்த்தேன். ஒவ்வொரு முறையும், எறிபவள் அண்ணி பக்கம் தலையைத் திருப்பியதும், இடப்பக்கம் நிற்க வேண்டிய நான் வலப்பக்கமாக இரண்டு மூன்றடி சாய்ந்துவிடுகிறேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. என் கோட்டுப் பக்கம் ஒரு வாசல் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. பந்து அங்கேதான் போயிருக்கிறது, ஒவ்வொன்றும்.

"நான் விட்டுடுவேன்னு நெனச்சியா?"

"இல்ல அண்ணி... தெரியல."

"நான்தான் நின்னனே!" என்றார். கோபமாக இல்லை. எண்ணெய் காய்வது நினைவுக்கு வந்து, அவர் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அணியின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணியே மூன்று துண்டு வீடியோ போட்டிருந்தார். வெட்டிக் கொடுத்தது அண்ணன். கீழே அவருடைய குரல் பதிவு: "டீச்சர், எறியறவ தலையப் பாருங்க. அவ்ளோதான். அப்பறம் நீங்க சொல்றபடி." என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வீடியோவில் நான் இருந்தேனே. டீச்சருக்கு இரண்டுமே கண்ணில் பட்டிருக்கும்.

பதில் வர நேரமானது. "வலது முன்பக்கம் அண்ணிதான். இடது முன்பக்கம் மாத்தறேன்" என்று இருந்தது. அதற்குக் கீழே எனக்கு மட்டும் தனியாக, "வருத்தப்படாதம்மா" என்று.

வருத்தம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் முடிவு சரி. என் இடத்துக்கு வரும் கல்லூரிப் பெண்ணுக்கு அண்ணியைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. அண்ணி தன் இடத்தைப் பார்த்துக்கொள்வாரா என்று அவள் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அதனாலேயே தன் இடத்தில் நிற்பாள். என் நான்கு வரிகளுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று எழுத வேண்டும் என்று போனைத் திறந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்னும் எழுதவில்லை.

ஓசூரில் நடந்த ஆட்டத்தில் நான் கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில்களோடு நின்றேன். அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் ஜோன் பற்றி எனக்கே விளக்கிக்கொண்டு வந்தான். அண்ணி தன் இடத்தில் கொஞ்சம் குனிந்து, கைகளைத் தொடைமேல் வைத்து நின்றார். இடது கைக்காரப் பெண் பந்தை வாங்கி, வழக்கம்போல் முதலில் அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் ஆள் ஒருத்தி தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எறிபவளின் கை உயர்ந்தது.

என் முதுகுக்குப் பின்னால், ஓசூர்க்காரர்களின் பெஞ்சிலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அந்தப் பக்கம் வேணாம்! அண்ணி இருக்காங்க!"